401கே பணத்தை எடுத்தால் அந்த 20% எங்கே போகிறது?

அமெரிக்காவில் இரண்டு மூன்று வேலை மாறியவர்களிடம் பழைய கம்பெனியின் 401கே கணக்கு, அதாவது கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வூதியச் சேமிப்பு, ஒன்றாவது கேட்பாரற்றுக் கிடக்கும். அதில் 50,000 டாலர் இருக்கிறது, வீடு வாங்க முன்பணமாக அதை எடுத்துவிடலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். இணையதளத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, முழுத்தொகையும் வேண்டும் என்று குறித்துவிட்டுக் காத்திருக்கிறார். சில நாளில் வங்கிக் கணக்கில் 40,000 டாலர் வந்து சேர்கிறது. மீதி 10,000 டாலர் வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போயிருக்கிறது.

இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் ‘சரி, வரி கட்டியாகிவிட்டது, இனி இந்த 40,000 நம்முடையது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் ‘பத்தாயிரம் போச்சே’ என்று தலையில் கை வைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. பிடித்தது வேறு, கட்ட வேண்டிய வரி வேறு. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகவே விளங்கும்.

மாதச் சம்பளத்தில் வரி பிடிப்பது நமக்குப் பழகிய விஷயம். ஆண்டு முழுக்கப் பிடித்த தொகை டபிள்யூ-2 படிவத்தில் வரும். அடுத்த ஏப்ரலுக்குள் 1040 என்ற ஆண்டு வரி ரிட்டர்ன் படிவம் போட்டுக் கணக்கை முடிப்போம். கூடுதலாகப் பிடித்திருந்தால் ரீஃபண்ட், குறைவாகப் பிடித்திருந்தால் பாக்கி. ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்திலும் நடப்பது இதேதான். வித்தியாசம் என்னவென்றால், சம்பளம் தரும் கம்பெனிக்கு உங்கள் வருமானம் தெரியும், டபிள்யூ-4 படிவத்தில் நீங்கள் கொடுத்த விவரமும் கையில் இருக்கும். அதனால் அது பிடிக்கும் தொகை உண்மையான வரிக்கு ஓரளவு நெருங்கி வரும். 401கே கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு உங்கள் சம்பளமோ மனைவியின் சம்பளமோ தெரியாது. சட்டம் ஒரு சதவீதத்தைச் சொல்கிறது, அந்த நிறுவனம் அதை அப்படியே பிடிக்கிறது. அவ்வளவுதான்.

முதலில், இந்தப் பணத்துக்கு வரி ஏன் வருகிறது? வழக்கமான 401கேயில் போட்ட பணம் வரி கட்டாத பணம். சம்பளத்திலிருந்து அது கணக்குக்குப் போனபோது வருமான வரி போடவில்லை. உள்ளே இருந்து வளர்ந்தபோதும் போடவில்லை. வெளியே எடுக்கும் ஆண்டில்தான் மொத்தமும் அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்கிறது. ஏற்கெனவே இருக்கும் சம்பளத்துக்கு மேல் வந்து உட்காருவதால், உங்கள் வருமானம் எட்டியிருக்கும் உச்ச வரிவிகிதம் அதன்மீது விழும். ராத் கணக்குகளின் கதை வேறு. அங்கே போட்டது வரி கட்டிய பணம். ஐந்தாண்டு நிபந்தனையும் 59½ வயதும் நிறைவேறியிருந்தால் எடுக்கும்போது வரி கிடையாது. இனி நான் சொல்வதெல்லாம் வரி கட்டாத பணம் இருக்கும் கணக்குகளைப் பற்றியே.

எந்தக் கணக்கில் எவ்வளவு பிடிப்பார்கள்?

கம்பெனி வழியாக வரும் 401கே, 403பி போன்ற திட்டங்களில், வேறு ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றத் தகுதியுள்ள பணத்தை உங்கள் கையில் வாங்கினால் 20% கட்டாயம். 1993 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. ‘எனக்குப் பிடிக்க வேண்டாம், நானே பிறகு கட்டிக்கொள்கிறேன்’ என்று சொல்ல வழியில்லை. அதிகமாகப் பிடிக்கச் சொல்லலாம், குறைக்கச் சொல்ல முடியாது. வேலையை விட்டபின் மொத்தமாக எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வருவார்கள்.

அதே 401கேயிலிருந்து நெருக்கடிச் செலவுக்காக எடுக்கும் தொகையும், 73 வயதிலிருந்து ஆண்டுதோறும் எடுத்தே ஆக வேண்டிய கட்டாயத் தொகையும் வேறு கணக்குக்கு மாற்ற முடியாதவை. (1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அந்த வயது 75.) ஆகவே அவற்றுக்கு அந்த 20% விதி பொருந்தாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 10% பிடிப்பார்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

கம்பெனி வழியாக இல்லாமல் நாமே தொடங்கும் ஓய்வூதியக் கணக்கான டிரெடிஷனல் ஐஆர்ஏ இன்னும் தளர்வானது. சொல்லாவிட்டால் 10%. டபிள்யூ-4ஆர் என்ற படிவத்தில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எந்தச் சதவீதத்தையும் கேட்கலாம். 2023 தொடக்கத்திலிருந்து கட்டாயப் பயன்பாட்டுக்கு வந்த படிவம் இது. ஒரே பக்கத்தில் முடியும் வேலைதான். பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், அப்புறம் இரண்டாவது வரியில் முழு எண்ணாக ஒரு சதவீதம். அந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருமான வாரியாக வரிவிகித அட்டவணையையும் அங்கேயே அச்சிட்டிருக்கிறார்கள். இப்போது பல நிறுவனங்கள் இதைத் திரையில் ஒரு கட்டமாக மட்டும் காட்டுகின்றன. அதில் ஏற்கெனவே ‘10’ என்று நிரப்பியிருக்கும், நாமும் யோசிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்தக் கட்டத்தில் நின்று ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

மாதாமாதம் வரும் பென்ஷன், ஆன்யுட்டி போன்றவற்றுக்குச் சம்பளம்போலவே பிடித்தம் நடக்கும். அதற்கான படிவம் டபிள்யூ-4பி. அதில் சிக்கல் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன 50,000 டாலர்காரருக்கு வயது 40, தனிநபராக ரிட்டர்ன் போடுபவர், ஆண்டுச் சம்பளம் 1,30,000 டாலர், வேறு வருமானமோ கழிவோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். வரி போடுமுன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் நிலையான கழிவு, 2025ஆம் ஆண்டுக்கு 15,750 டாலர், போனால், சம்பளத்தில் வரிக்குட்பட்டது 1,14,250. அந்த ஆண்டில் தனிநபருக்கு 24% வரிவிகிதம் 1,03,350 டாலருக்கு மேல் தொடங்கி 1,97,300 வரை போனது. ஆக எடுத்த 50,000 முழுவதும் 24% பகுதியில் விழுகிறது. வரி 12,000 டாலர்.

அதோடு முடியவில்லை. 59½ வயதுக்கு முன் எடுத்தால், விதிவிலக்கு எதுவும் இல்லாதபட்சத்தில், 10% கூடுதல் வரி உண்டு. எல்லோரும் பெனால்டி என்று சொல்வது இதைத்தான். அது 5,000 டாலர். மொத்தம் 17,000. பிடித்ததோ 10,000. ஏப்ரலில் இன்னும் 7,000 டாலர் கட்ட வேண்டும். அந்த 40,000 முழுவதும் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு இந்த 7,000 எங்கிருந்து வரும்?

அவர் கலிஃபோர்னியாவில் இருந்தால் மாநிலப் பங்கும் உண்டு. அந்த வருமான அளவில் மாநில வரி 9.3%, அதாவது 4,650 டாலர். முன்கூட்டியே எடுத்ததற்கு மாநிலம் தன் பங்குக்கு 2.5% போடுகிறது, அது 1,250. ஆக 5,900. ஆனால் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் மாநிலத்துக்குப் பிடிப்பது ஐஆர்எஸ்ஸுக்குப் பிடித்ததில் பத்தில் ஒரு பங்கு, வெறும் 1,000 டாலர். எல்லாம் கட்டி முடித்த பிறகு 50,000 டாலரில் அவர் கையில் நிற்பது 27,100. டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் வருமான வரியே இல்லாததால் அங்கே இருப்பவருக்கு 33,000 நிற்கும். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். சில மாநிலங்களில் பிடித்தம் கட்டாயம், சிலவற்றில் நம் விருப்பம். எடுப்பதற்கு முன் உங்கள் மாநிலத்து விதியைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேரெதிராகவும் நடக்கும். 62 வயதில் வேலையை விட்டவர், தனிநபர், சமூகப் பாதுகாப்புத் தொகையை இன்னும் தொடங்கவில்லை, வேறு வருமானம் இல்லை. 2025இல் 401கேயிலிருந்து 20,000 டாலர் எடுக்கிறார். 20% பிடித்து 16,000 கையில் வருகிறது. 59½ தாண்டிவிட்டதால் பெனால்டி இல்லை. நிலையான கழிவு போக வரிக்குட்பட்டது 4,250 டாலர், அதற்கு 10% விகிதத்தில் வரி 425 டாலர். பிடித்த 4,000இல் 3,575 டாலர் ரீஃபண்டாகத் திரும்பி வரும். அதே 20%தான். ஒருவருக்குப் போதவே இல்லை, இன்னொருவருக்குக் கட்ட வேண்டியதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

கையில் இவ்வளவு வர வேண்டும் என்ற தேவை இருந்தால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 30,000 டாலர் கையில் வேண்டுமென்றால் 30,000ஐ 0.8ஆல் வகுத்து 37,500 டாலர் கேட்க வேண்டும். மாநிலப் பிடித்தம் இருந்தால் இன்னும் சற்றுக் கூடும். கூட எடுக்கும் அந்த 7,500 டாலரும் உங்கள் வருமானத்தில் சேரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இரண்டு பத்து சதவீதங்கள்

ஐஆர்ஏயில் இயல்பாகப் பிடிக்கும் 10%, வயதுக்கு முன் எடுத்தால் வரும் பெனால்டி 10%. இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக அமைந்துபோனது பலரைக் குழப்பியிருக்கிறது. ‘பத்து சதவீதம் பிடித்துவிட்டார்கள், பெனால்டி தீர்ந்தது’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பெனால்டிக்கென்று யாரும் தனியாகப் பிடிப்பதில்லை. 10% பிடித்தம் என்பது உங்கள் மொத்த வரிக்கணக்கில் வரவு வைக்கும் முன்தொகை. பெனால்டி 1040 போடும்போது, தேவைப்பட்டால் 5329 படிவத்தோடு, அந்த மொத்த வரியில் செலவாகச் சேரும்.

இதே காரணத்தால், ஐஆர்ஏயில் ‘பிடித்தம் வேண்டாம்’ என்று பூஜ்யம் போட்டாலும் பெனால்டி போகாது. 59½ தாண்டியவருக்கு 10% பிடித்தாலும் பெனால்டி வராது. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை.

பெனால்டிக்கு விதிவிலக்குகள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரியாமலே பலர் இழக்கிறார்கள். 55 வயதை எட்டும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அந்தக் கம்பெனியின் 401கேயிலிருந்து எடுக்கும் பணத்துக்குப் பெனால்டி இல்லை. ஆனால் அதே பணத்தை ஐஆர்ஏக்கு மாற்றிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், 59½ வரை காத்திருக்க வேண்டும். 56 வயதில் வேலை போனவர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஐஆர்ஏக்கு மாற்றுவதற்கு முன், அடுத்த மூன்று நான்கு ஆண்டுச் செலவுக்கு வேண்டியதை 401கேயிலேயே விட்டுவைக்கலாமா என்று யோசிப்பது நல்லது.

ரோல்ஓவர்: காசோலையில் யார் பெயர்?

செலவுக்கு இல்லை, பழைய 401கேயைப் புதிய கம்பெனியின் 401கேக்கோ டிரெடிஷனல் ஐஆர்ஏக்கோ மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஒரு டாலர்கூடப் பிடிக்காமல் மாற்றலாம். அதற்குப் பணம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு நேராகப் போக வேண்டும். பல சமயம் பழைய நிறுவனம் காசோலையை உங்கள் வீட்டுக்கே அனுப்பும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் ‘பெறுநர்’ இடத்தில் புதிய நிறுவனத்தின் பெயரும், பக்கத்தில் எஃப்பிஓ (‘இன்னாரின் நலனுக்காக’ என்று பொருள்) என்று போட்டு உங்கள் பெயரும் இருந்தால் அது நேரடி ரோல்ஓவர்தான். அப்படியே புதிய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வெறுமனே உங்கள் பெயர் மட்டும் இருந்தால்தான் சிக்கல், அப்போது 20% பிடித்த பிறகே அந்தக் காசோலை வந்திருக்கும்.

அப்படி வந்துவிட்டால் 60 நாள் அவகாசம் உண்டு, பணம் கைக்கு வந்த நாளிலிருந்து. அதற்குள் ஐஆர்ஏயில் போட்டுவிட்டால் வரி இல்லை. ஆனால் போட வேண்டியது கையில் வந்த 40,000 இல்லை, முழு 50,000. பிடித்துப் போன 10,000ஐச் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டினால் அந்த 10,000 உங்கள் கணக்கில் வரவாகி, ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பும். அதுவரை மாதக்கணக்கில் அது முடங்கிக் கிடக்கும். வெறும் 40,000ஐ மட்டும் போட்டால், விட்டுப்போன 10,000ஐ நீங்கள் எடுத்துச் செலவு செய்ததாகவே ஐஆர்எஸ் பார்க்கும். நம் 40 வயதுக்காரர் நிலையில் அதற்கு வரி 2,400, பெனால்டி 1,000, ஆக 3,400 டாலர். ஒரு காசுகூடச் செலவு செய்யாமலே இவ்வளவு இழப்பு. இந்த 60 நாள் வழியை நானாக இருந்தால் தொட மாட்டேன். நேரடி ரோல்ஓவர் இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை.

குறைவாகப் பிடித்தால் என்ன ஆகும்?

ஏப்ரலில் பாக்கியைக் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கலாம். முழுக்க அப்படி இல்லை. வரி ஆண்டு நெடுகிலும் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பது ஐஆர்எஸ்ஸின் எதிர்பார்ப்பு. கடைசிப் பாக்கி 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் தொல்லை இல்லை. அதற்கு மேல் போனால், இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ போன ஆண்டு வரி முழுவதுமோ ஏற்கெனவே போயிருக்க வேண்டும். போன ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் போன ஆண்டு வரியில் 110%. இதில் எதுவும் நிறைவேறாவிட்டால் குறைகட்டணத்துக்கான அபராதம் வரும். அது மேலே சொன்ன 10% பெனால்டியிலிருந்து தனி.

ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் நல்ல வசதி ஒன்று உண்டு. காலாண்டுதோறும் தானே கட்டும் வரிக்குத் தேதிகள் முக்கியம், ஒரு தேதி தவறினால் அபராதம். ஆனால் பிடித்தமாகப் போகும் பணம் எந்த மாதத்தில் போனாலும் ஆண்டு முழுக்கச் சமமாகப் போனதாகவே கருதப்படும். ஆகவே ஆண்டு நெடுக வரியைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிட்டு, டிசம்பரில் ஐஆர்ஏயிலிருந்து ஒரு தொகை எடுத்து அதில் பெரும்பகுதியைப் பிடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 73 தாண்டியவர்கள் கட்டாயத் தொகையை எப்படியும் எடுக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்கு இது மிகவும் எளிது. ஆண்டுக் கடைசியில் வருமானமும் ஏறக்குறையத் தெரிந்துவிடும், டபிள்யூ-4ஆரில் போட வேண்டிய எண்ணும் துல்லியமாகக் கிடைக்கும்.

எடுத்ததற்கு அடுத்த ஆண்டு ஜனவரி இறுதியில் 1099-ஆர் படிவம் வரும். முதல் கட்டத்தில் எடுத்த மொத்தத் தொகை, 2ஏ கட்டத்தில் வரிக்குட்பட்டது, நான்காவது கட்டத்தில் பிடித்தது, ஏழாவது கட்டத்தில் ஒரு குறியீடு. 1 என்றால் வயதுக்கு முன் எடுத்தது, 7 என்றால் வழக்கமானது, ஜி என்றால் நேரடி ரோல்ஓவர். நேரடி ரோல்ஓவர் செய்தவருக்கும் இந்தப் படிவம் வரும். ஜி இருக்கிறதா, 2ஏவில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் ஐஆர்எஸ்ஸிடமிருந்து கடிதம் வர வாய்ப்புண்டு.

இந்தியா திரும்பிய பிறகு எடுப்பவர்கள்

இங்கே விதிகள் மாறுகின்றன. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் இந்திய முகவரிக்குப் பணத்தை வாங்கினால், ஐஆர்ஏயில்கூட 10 சதவீதத்துக்குக் கீழே குறைக்க முடியாது, பூஜ்யம் என்ற வாய்ப்பே இல்லை. 401கேயில் 20% அப்படியே தொடரும்.

எச்1பி என்ற வேலை விசாவில் இருந்துவிட்டு அது முடிந்து ஊர் திரும்பியவர், வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார். அவருக்குப் பொதுவாக 30% பிடிப்பார்கள். வெளிநாட்டவர் என்று தெரிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள், 1099-ஆருக்குப் பதிலாக 1042-எஸ் வரும், ரிட்டர்ன் 1040-என்ஆர் படிவத்தில் போட வேண்டும். 59½க்கு முன் எடுத்தால் பெனால்டியும் உண்டு, நாடு மாறியதால் அது போய்விடாது. இந்தியா, அமெரிக்கா இடையிலான இரட்டை வரி ஒப்பந்தத்தில் தனியார் பென்ஷன் பற்றிய 20ஆம் பிரிவைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது தவணை தவணையாக வரும் பென்ஷனைப் பற்றிப் பேசுகிறது. ஒரே மூச்சில் எடுக்கும் முழுத்தொகைக்கும் அது பொருந்தும் என்று நாமாக முடிவு செய்துகொண்டு டபிள்யூ-8பென்னில் விலக்குக் கேட்பது ஆபத்து. இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் எடுப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். ஊர் திரும்பிய ஆண்டிலேயே எடுக்காமல், அமெரிக்கச் சம்பளம் இல்லாத அடுத்த ஆண்டுகளில் எடுத்தால் வரி குறையுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பணம் 401கேயிலோ ஐஆர்ஏயிலோ அதுவரை அங்கேயே இருக்கலாம், அமெரிக்காவை விட்டுக் கிளம்பியதால் கணக்கை மூடியே ஆக வேண்டும் என்று வரிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.